பென்ஷன் வாங்குகிறவருக்கு ஸ்டிரைக் பந்தலில் என்ன வேலை?

தபால் பையை இறக்கி வைத்த பிறகும் தோள் கொடுக்கும் பெரியவர்கள்

நெல்லை,-

அவருக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். மெமோ வராது. சஸ்பெண்டு ஆகவும் வழி இல்லை. மாதக் கடைசியில் பென்ஷன் பணம் பாங்கிக் கணக்கில் ஏறி விடும்.

அப்படி இருந்தும், தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று சேதி வந்தால் போதும். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி விடுகிறார், ஓய்வு பெற்ற தபால்காரர்!

பாளையங்கோட்டை தலைமைத் தபால் ஆபீஸ் வாசல் ஆனாலும் சரி, அம்பாசமுத்திரம் ஆனாலும் சரி, போராட்டக் கூட்டத்தில் நாலு நரைத்த தலை இல்லாமல் இராது. கோஷம் போடத் தொண்டை ஒத்துழைக்காது. ஆனாலும் கை உயரும்.

"அண்ணாச்சி, உங்களுக்குத்தான் எல்லாம் செட்டில் ஆயிட்டுதே. பேசாம வீட்டுல இருக்க வேண்டியதுதானே?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு.

நியாயமான கேள்விதான். பதில் வேண்டுமானால் தபால் இலாகாவின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரே பை, இரண்டு ஆள்

ஒரு உதாரணம்.

ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் டவுனில் நிரந்தரத் தபால்காரர். இன்னொருவர் ஆற்றங்கரைக் கிராமத்தில், கிளைத் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர். டவுனில் கட்டி அனுப்பும் பையைத்தான் கிராமத்தில் அவிழ்க்கிறார்கள். காக்கிக்காரர் கொடுத்தாலும், கைலிக்காரர் கொடுத்தாலும் மணியார்டர் மணியார்டர்தான்.

டவுன்காரருக்கு 60 வயதில் ஓய்வு. 2004 ஜனவரி 1-க்கு முன் வேலையில் சேர்ந்தவர் என்றால், முழுப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. 2016 ஜனவரி முதல் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 9,000 ரூபாய். விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏறும். அவர் கண்ணை மூடினால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன்.

கிராமத்துக்காரருக்கு 65 வயதில் ஓய்வு. மாதப் பென்ஷன்?

கிடையாது!

30 வருஷம் பை சுமந்திருந்தாலும் கிடையாது. 40 வருஷம் என்றாலும் அதே கதைதான்.

பெயர்தான் மாறியது

வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே இவர்களுக்கு 'ஈ.டி.' என்று பெயர். 'இலாகாவுக்கு அப்பாற்பட்ட ஏஜண்டு' என்று அர்த்தம். வாத்தியார், கடைக்காரர், சிறு விவசாயி என்று வேறு பிழைப்பு உள்ளவர்கள் நாளுக்குச் சில மணி நேரம் தபால் வேலையும் பார்ப்பது என்பது அன்றைய ஏற்பாடு.

2001-ல் 'கிராமிய டாக் சேவக்' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் நன்றாக இருந்தது. பென்ஷன் வரவில்லை.

அரசின் வாதம் இது: "தினம் அதிகபட்சம் 5 மணி நேர வேலை. வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 65 வயது வரை பார்க்கலாம். முழு நேர ஊழியரோடு எப்படிச் சமம் ஆகும்?"

ஊழியர்கள் வாதம் வேறு: "கடிதம், மணியார்டர், சேமிப்புக் கணக்கு, 100 நாள் வேலைச் சம்பளம், இன்சூரன்ஸ் என்று வேலை ஏறிக்கொண்டே போகிறது. கணக்கில்தான் 5 மணி நேரம். பை வருகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பது எந்தக் கணக்கில் சேரும்?"

சுப்ரீம் கோர்ட்டிலும் இந்த வழக்கு ஏறி இறங்கியது. 1977-ல் ராஜம்மா என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில், ஈ.டி. ஊழியர்கள் வகிப்பது சர்க்கார் பதவிதான், விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று தீர்ப்பு வந்தது. சங்கத்தார் இனிப்புக் கொடுக்க வேண்டிய தீர்ப்பு.

2019 நவம்பர் 8-ல் வந்தது இன்னொரு தீர்ப்பு. கந்திபா பெஹரா என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கு. கிராமிய ஊழியராகப் பல வருஷம் இருந்து, பிறகு நிரந்தர வேலைக்குப் போனவர்களின் பிரச்சினை. பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷ நிரந்தர சர்வீஸ் வேண்டும். அதில் சில மாதமோ வருஷமோ குறைந்தால், பழைய கிராமிய சர்வீஸைச் சேர்த்துக் கொள்ளலாமா என்பது கேள்வி.

'சேர்க்க முடியாது' என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது.

இஞ்சிக்குழிக்குப் போன 1,000 ரூபாய்

பொதிகை மலைக்குள், காரையாறு அணைக்கு அப்பால், இஞ்சிக்குழி என்று ஒரு காணிக் குடியிருப்பு. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

அங்கே 100 வயதைத் தாண்டிய காணிப் பாட்டி ஒருவர். மாதம் 1,000 ரூபாய் முதியோர் உதவித்தொகை. பாட்டியால் மலை இறங்கி வர முடியாது. அதனால் பணம் மலை ஏறியது!

தபால் ஆபீஸ்காரர் அணையைப் படகில் கடந்து, அதன் பிறகு காட்டுக்குள் மணிக்கணக்காக நடந்து, அந்த 1,000 ரூபாயைப் பாட்டி கையில் கொடுத்து விட்டுத் திரும்பினார். 2021-ல் பத்திரிகைகளில் வந்து, நாடே பாராட்டிய சேதி அது.

பாராட்டியவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கிளைத் தபால் ஆபீஸை நடத்துகிறவர்கள் கிராமிய ஊழியர்கள். பாட்டிக்கு உதவித்தொகையைச் சுமந்து போகிற வேலை அவர்களுடையது. வயதான காலத்தில் அவர்களுக்கு இலாகா தரும் மாதப் பென்ஷன் பூஜ்யம்.

2011-ல் ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு கிராமிய ஊழியர் பெயரிலும் இலாகா மாதம் 200 ரூபாய் செலுத்தும் என்றார்கள். வருஷத்துக்கு 2,400. பத்து வருஷம் சேர்த்தால் அசல் 24,000 ரூபாய். அதை வைத்து எத்தனை மாதம் அரிசி வாங்கலாம் என்று மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சொல்லி விடுவார்.

16 நாள் பூட்டு

2018 மே 22.

நாடு முழுவதும் கிராமியத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நெல்லைச் சீமையிலும் கிளைத் தபால் ஆபீஸ் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. அப்போது நாட்டில் மொத்தம் இருந்த கிளைத் தபால் ஆபீஸ்கள் சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம்.

கோரிக்கை புதிது அல்ல. "கமலேஷ் சந்திரா கமிட்டி அறிக்கையை அமல்படுத்து!" என்பதுதான்.

யார் இந்தக் கமலேஷ் சந்திரா? ஓய்வு பெற்ற தபால் அதிகாரி! தபால் வாரியத்தில் உறுப்பினராக இருந்து ரிட்டயர் ஆனவர். கிராமிய ஊழியர்களின் நிலையை ஆராய மத்திய சர்க்கார் போட்ட ஒரு நபர் கமிட்டி அவர். 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். சம்பளத்தை உயர்த்தலாம், மற்ற சலுகைகளும் கொடுக்கலாம் என்றார். அறிக்கை டெல்லியில் ஒன்றரை வருஷம் தூங்கியது.

ரிட்டயர் ஆன ஒருவர் எழுதிய அறிக்கைக்காக, ரிட்டயர் ஆனால் ஒன்றும் கிடைக்காதவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

16-வது நாள், ஜூன் 6. மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. அதுவரை மாத அடிப்படைத் தொகை 2,295 ரூபாயில் ஆரம்பித்து, பஞ்சப்படி தனியாக இருந்தது. புதிய கணக்கின்படி கிளைத் தபால் அதிகாரிக்கு 4 மணி நேர வேலை என்றால் 12,000 ரூபாய், 5 மணி நேரம் என்றால் 14,500. பட்டுவாடா செய்பவர்களுக்கு 10,000, 12,000. பலன் அடைவோர் 3 லட்சத்து 7 ஆயிரம் பேர் என்று சர்க்கார் அறிவித்தது.

சம்பளம் ஏறியது. பென்ஷன் வரவில்லை.

பொதுஜனங்கள் அவதி

ஸ்டிரைக் என்றால் பொதுஜனங்களுக்குக் கஷ்டம் இல்லையா? உண்டு.

கடைக்காரருக்குப் பார்சல் வராது. வேலைக்கு மனுப் போட்ட பையனுக்கு இன்டர்வியூ கார்டு தேதி கடந்து வரும். கிராமத்தில் உதவித்தொகையை நம்பி இருக்கும் கிழவிக்கு அந்த மாதம் கடன்தான். கோபம் வருவது இயற்கை.

வேலைநிறுத்தம் செய்கிறவருக்கும் நஷ்டம்தான். வேலை பார்க்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. நிரந்தர ஊழியருக்கு இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்கும். சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று சர்க்கார் முடிவு செய்தால், 'சர்வீஸில் முறிவு' என்று எழுத விதி இருக்கிறது. முறிவு விழுந்து அதை மேலதிகாரி மன்னிக்காமல் போனால், பென்ஷன் கணக்கிலேயே கை வைத்து விடலாம்.

இது பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அனுபவித்தவர்கள்!

பழைய கடன்

தபால் வேலைநிறுத்தங்களின் பட்டியல் நீளமானது.

1946 ஜூலை 11: தபால்காரர்களும் கீழ்நிலை ஊழியர்களும் நாடு தழுவிய வேலைநிறுத்தம். அவர்களுக்கு ஆதரவாக ஜூலை 29-ல் கல்கத்தா நகரமே நின்றது. டிராம் ஓடவில்லை, மில் ஓடவில்லை. டிராம்காரருக்கும் மில்காரருக்கும் தபால்காரர் சம்பளத்தில் ஒரு பைசா லாபம் கிடையாது.

1960 ஜூலை: மத்திய அரசு ஊழியர்கள் 5 நாள் வேலைநிறுத்தம். பஞ்சப்படியும் குறைந்தபட்சச் சம்பளமும் கோரிக்கை. அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

1968 செப்டம்பர் 19: ஒரே ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் கைது, வேலை நீக்கம்.

1998 ஜூலையில் 8 நாள். 2000 டிசம்பரில் 5-ந் தேதி முதல் 18-ந் தேதி வரை 14 நாள்.

கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். அவற்றில் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, ஈ.டி. ஊழியர்களுக்காக நீதிபதி தல்வார் கமிட்டி 1997-ல் சொன்னதை நிறைவேற்றுவது. நிரந்தரத் தபால்காரர்கள் வேலையை நிறுத்தியது, பென்ஷன் இல்லாத தங்கள் கிராமத்துக் கூட்டாளிகளுக்காகவும்தான்.

அன்று வெளியே வந்தவர்களில் பலர் இன்று பென்ஷன்காரர்கள். அன்று கேட்ட பென்ஷன் இன்னும் அந்தக் கூட்டாளிக்கு வரவில்லை. ரிட்டயர் ஆகி விட்டதால் அந்தக் கணக்கு முடிந்து விடுமா?

பென்ஷன் தர்மம் அல்ல

பென்ஷன்காரர் வாங்கும் பணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

டிசம்பர் 17-ந் தேதியை நாடு முழுவதும் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். காரணம் டி.எஸ். நகரா. ராணுவ அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்றவர்.

1979 மார்ச் 31-க்குப் பிறகு ரிட்டயர் ஆனவர்களுக்குத்தான் புதிய, கூடுதல் பென்ஷன் கணக்கு என்று சர்க்கார் கோடு போட்டது. நகராவும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982 டிசம்பர் 17-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அந்தக் கோட்டை அழித்தார்கள். பென்ஷன் என்பது எஜமான் மனம் இரங்கிப் போடும் தர்மம் அல்ல, உழைத்தவனின் உரிமை என்றார்கள்.

ஜெயித்தது சிலருடைய வழக்கு. பலன் கோர்ட்டு வாசலையே பார்க்காத லட்சக்கணக்கான பென்ஷன்காரர்களுக்கு! நெல்லையில் பென்ஷன் வாங்கும் தபால்காரரும் அதில் ஒருவர்.

கடல் கடந்தும் இதே கதைதான். 1981-ல் கனடா தபால் ஊழியர்கள் 42 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளை பெறும் பெண் ஊழியருக்குச் சம்பளத்துடன் 17 வாரம் லீவு வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. கிடைத்தது. அதைப் பார்த்து மற்றத் தொழில்களிலும் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். அந்த 42 நாளும் வெளியே நின்றவர்களில் ஆண்களும் உண்டு. அவர்கள் எந்தப் பிரசவ லீவு எடுக்கப் போகிறார்கள்?

பாதி சவரத்தில் எழுந்த கதை

அடுத்தவனுக்காகத் தெருவுக்கு வருவது நெல்லைச் சீமைக்குப் புதிது அல்ல.

1908 பிப்ரவரி 27. அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். தொழிலாளர்களை ஏளனமாகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதி சவரத்திலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து விட்டாராம் சவரத் தொழிலாளி. அந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். மில்லில் கூலி உயர்ந்தால் சவரக் கடைக்கு என்ன வரும்? ஒன்றும் வராது. ஆனாலும் எழுந்தார்.

மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது. கடைகள் அடைப்பு. நகரசபை ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் ஆகியவற்றோடு தபால் ஆபீசும் தீக்கு இரை ஆனது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நாலு உயிர் போனது.

அன்று தபால் ஆபீஸ் என்றால் அன்னிய சர்க்காரின் அடையாளம். அதனால் எரிந்தது. அதே இலாகா பிறகு கிராமத்துக் கிழவிக்கு மணியார்டர் கொண்டு வரும் இடமாக மாறியது. தபால் ஆபீஸை மக்கள் சொந்தமாக நினைக்க வைத்தவர், வெயிலிலும் மழையிலும் பையோடு வந்த தபால்காரர்தான்.

இளையவர்களுக்கும் சேர்த்து

கதை கிராமிய ஊழியரோடு நிற்கவில்லை. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த நிரந்தரத் தபால்காரருக்கும் பழைய பென்ஷன் கிடையாது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, சந்தையில் முதலீடு செய்யும் புதிய திட்டம்தான். 2025 ஏப்ரல் முதல் 'ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம்' என்று இன்னொரு வழியையும் மத்திய சர்க்கார் திறந்திருக்கிறது.

ஆக, ஒரே தபால் ஆபீஸில் மூன்று ஜாதி. பழைய பென்ஷன் உள்ளவர், புதிய திட்டத்துக்காரர், ஒன்றும் இல்லாதவர். முதல் வகையினர் வருஷா வருஷம் ரிட்டயர் ஆகி வெளியே போய்க் கொண்டிருக்கிறார்கள். பழைய பென்ஷன் என்றால் என்ன என்று வாங்கிப் பார்த்துச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள் மட்டுமே.

பந்தலில் பெரியவருக்கு அதுதான் வேலை. மாத்திரை வாங்கக் காசு இருப்பதும், மகனிடம் கை நீட்டாமல் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதும் எந்தப் போராட்டத்தில் வந்தது என்று அவர் சொல்ல முடியும். "எனக்குக் கெடச்சுது, ஒனக்கும் கெடைக்கணும்லா?" என்று இளையவரிடம் அவர் கேட்கும்போது, அது வெறும் கோஷம் இல்லை.

2023 டிசம்பர் 12-ல் கிராமிய ஊழியர்கள் மறுபடியும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 8 மணி நேர வேலை, பென்ஷன், 5 லட்சம் பணிக்கொடை ஆகியவை கோரிக்கையில் இருந்தன.

பாபநாசத்தில் இருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஓடும் ஊர்களில், இந்த வருஷமும் சில கிராமியத் தபால் ஊழியர்களுக்கு 65 வயது முடியும். பையையும் முத்திரையையும் ஒப்படைத்து விட்டு வீட்டுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு முதியோர் உதவித்தொகை கொண்டு போன அந்தக் கைகள், மறுமாதம் அதே உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டி வரலாம்.